டி20 வந்தது கிரிக்கெட்டுக்கு நல்லதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறு காலைகளில் சிறுவர்களின் நெட் பயிற்சிக்கு உதவியாக நிற்பவன் நான். வலைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களும் தாத்தாக்களும், நடைப்பயிற்சி முடித்துவிட்டு வேடிக்கை பார்க்க நிற்பவர்களும் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்துக்குத்தான் வருவார்கள்: ஆட்டத்தை இப்படிச் சுருக்கிக்கொண்டே போனால் கிரிக்கெட் என்ன ஆகும்? அவர்கள் கேட்டவற்றையும், நான் சொன்னவற்றையும், அப்போது சொல்ல நேரமில்லாமல் விட்டவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். குறுகிய ஆட்டங்கள் நல்லதா, கெட்டதா?

நல்லது. கிரிக்கெட்டைப் புதிய ஊர்களுக்கும் புதிய நாடுகளுக்கும் கொண்டுபோனது அவைதான். பெண்கள் கிரிக்கெட்டைத் தூக்கி நிறுத்தியதும் அவைதான். திறமையை வளர்த்ததிலும் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

டெஸ்ட் கிரிக்கெட் பல நாடுகளில் நலிந்து வருவதும் உண்மை. ஆனால் 20 ஓவரில் ஆட்டம் முடிகிறது என்பதால் அது நலியவில்லை. வருடத்தில் டெஸ்டுக்கென்று இருந்த வாரங்களை லீக்குகள் எடுத்துக்கொள்கின்றன, அந்த லீக்குகளின் பணம் ஒரு சில வாரியங்களிடமே தங்கிவிடுகிறது. நோய் அங்கே இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் நம் கோபமெல்லாம் தப்பான இடத்தில் போய் விழும்.

ஐந்து நாள் டெஸ்ட்தானே அசல் கிரிக்கெட்? மற்றதெல்லாம் பிறகு ஒட்டவைத்ததுதானே?

ஐந்து நாள் என்பதே பிறகு வந்ததுதான். இங்கிலாந்தில் டெஸ்டுகள் நெடுங்காலம் மூன்று நாள் ஆட்டங்களாக இருந்தன. இன்னொரு பக்கம், முடிவு வரும்வரை ஆடும் காலவரையற்ற டெஸ்டுகளும் நடந்தன. 1939 மார்ச்சில் டர்பனில் தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் ஆடிய டெஸ்ட் 3ஆம் தேதி தொடங்கி 14ஆம் தேதிவரை போனது. 696 ரன் இலக்கு. இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்தது. இன்னும் 42 ரன்தான் வேண்டும், அதற்குள் ஊருக்குத் திரும்பக் கப்பல் பிடிக்கும் நேரம் வந்துவிட்டது. ஆட்டத்தை டிரா என்று முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

ஓவருக்கு ஆறு பந்து என்பதுகூட எப்போதும் எங்கும் இருந்ததில்லை. ஆஸ்திரேலியாவில் 1970களின் இறுதிவரை ஓவருக்கு எட்டுப் பந்து. அதனால் 'அசல்' என்று ஏதோ ஒரு வருடத்துக் கிரிக்கெட்டைப் பிடித்து நிறுத்திக்கொள்ள முடியாது. மனிதர்களுக்குக் கிடைக்கும் நேரத்துக்கு ஏற்ப இந்த ஆட்டம் நீண்டிருக்கிறது, குறுகியிருக்கிறது.

இதில் நம் பக்கத்து ஊர்க் கதையும் ஒன்று உண்டு. கேரளத்தில் திருப்பூணித்துறையில் 1951இலேயே ஓவர் கணக்கு வைத்து ஒரே நாளில் முடியும் பூஜா கிரிக்கெட் போட்டியைத் தொடங்கிவிட்டார்கள். இங்கிலாந்தின் உள்ளூர் அணிகளான கவுன்டிகள் 65 ஓவர் போட்டியைத் தொடங்கியது 1963இல். சர்வதேச அளவில் முதல் ஒருநாள் ஆட்டம் 1971 ஜனவரி 5 அன்று மெல்போர்னில் நடந்தது. டெஸ்ட் மழையில் போய்விட்டதே, வந்த கூட்டத்துக்கு ஏதாவது காட்டுவோம் என்று நடத்தினார்கள். சுமார் 46,000 பேர் வந்தார்கள். மக்களுக்கு என்ன வேண்டும் என்பதை அந்த ஒரு நாள் சொல்லிவிட்டது.

டி20 இந்தியாவில் பிறந்ததா?

இல்லை. பலரும் ஐபிஎல்தான் தொடக்கம் என்று நினைக்கிறார்கள். கவுன்டி மைதானங்களில் கூட்டம் குறைந்துகொண்டே போனதால், வேலை முடிந்து மாலையில் குடும்பத்தோடு வந்து பார்க்க ஒரு ஆட்டம் வேண்டும் என்று இங்கிலாந்து வாரியம் 2003 ஜூனில் தொடங்கியது இது. நம் வாரியம் முதலில் இதில் பெரிய ஆர்வம் காட்டவில்லை. 2007 செப்டம்பர் 24 அன்று ஜோகன்னஸ்பர்கில் பாகிஸ்தானை 5 ரன்னில் வென்று முதல் டி20 உலகக் கோப்பையைத் தோனியின் அணி தூக்கியது. அடுத்த ஏழே மாதத்தில், 2008 ஏப்ரல் 18 அன்று பெங்களூரில் ஐபிஎல் தொடங்கிவிட்டது.

டி20 வந்தபிறகு திறமை குறைந்துவிட்டது என்கிறார் எங்கள் தாத்தா. சரியா?

தாத்தாவை மெல்போர்ன் 2018 டெஸ்டின் மூன்றாம் நாளைப் பார்க்கச் சொல்லுங்கள். உணவு இடைவேளைக்கு முந்தைய கடைசிப் பந்து. பும்ரா வீச, ஷான் மார்ஷ் ஆடுகிறார். ஆடுகளம் செத்துக் கிடக்கிறது, பந்து எழும்பவே இல்லை. மிட் ஆஃபில் நின்ற ரோஹித் சர்மா, ஒருநாள் ஆட்டத்தில் போடுவாயே அந்த ஸ்லோ பாலைப் போட்டுப் பார் என்கிறார். அதே ஓட்டம், அதே கைவீச்சு, ஆனால் வேகத்தில் 25 கிலோமீட்டருக்கு மேல் குறைவு. பந்து மிதந்து வந்து காலடியில் இறங்குகிறது. மார்ஷின் மட்டை முன்னதாகவே போய்விட்டது. எல்பிடபிள்யூ. அந்த இன்னிங்ஸில் பும்ராவுக்கு 33 ரன்னுக்கு 6 விக்கெட். டெஸ்டை வென்று கொடுத்த அந்தப் பந்து ஒருநாள், டி20 என்ற வெள்ளைப் பந்து ஆட்டங்களில் பழகியது. பும்ராவையே முதலில் நமக்குக் காட்டியது ஐபிஎல்தான். டெஸ்டில் அவர் இறங்கியது அதற்கு ஐந்து வருடம் கழித்து, 2018இல்.

அஸ்வினையும் நினைத்துப் பாருங்கள். சுழற்பந்துக்காரனிடம் புதுப்பந்தைக் கொடுப்பது என்பதை நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கப்படுத்தியவர் அவர். 2011 ஐபிஎல் இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில். அந்த சீசன் முழுக்க எல்லோரையும் துவைத்து எடுத்த கிறிஸ் கெய்ல் எதிரே நிற்கிறார். முதல் ஓவரே அஸ்வினுக்கு. நான்காவது பந்தில் தோனியிடம் கேட்ச், கெய்ல் பூஜ்யம். அடித்து நொறுக்க வருபவனிடம் பயப்படாமல் பந்தைத் தூக்கிப் போடும் அந்த நெஞ்சுரம்தான் பிறகு 537 டெஸ்ட் விக்கெட்டாக ஆனது.

ஃபீல்டிங் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம். எல்லைக்கோட்டில் பந்தைப் பிடித்து, கால் கோட்டைத் தாண்டும் முன் மேலே எறிந்துவிட்டு, உள்ளே வந்து திரும்பப் பிடிப்பதைப் பழைய ஆட்களில் எத்தனை பேர் பயிற்சி செய்திருப்பார்கள்? 2024 உலகக் கோப்பை இறுதியின் கடைசி ஓவரில் சூர்யகுமார் அதைத்தான் செய்தார்.

பொறுமையாவது போய்விட்டதா இல்லையா?

இது நியாயமான கவலை. நானே வாராவாரம் பார்க்கிறேன்.

பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் எங்கள் வலைக்கு வருகிறான். மணிக்கட்டை மடக்கிப் பந்தைக் கீப்பர் தலைக்கு மேலே தட்டிவிடுகிறான், பார்க்கவே அழகு. ஒருநாள் அவனிடம், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பத்துப் பந்து போடச் சொல்கிறேன், பத்தையும் தொடாமல் விடு என்றேன். இரண்டு பந்தை விட்டான். மூன்றாவதற்குக் கை தானாகப் போய்விட்டது. "சார், அடிக்கிற பந்து சார் அது" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை, டி20இல் அது அடிக்க வேண்டிய பந்துதான். ஆனால் ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடினாலும் தெரிய வேண்டும். அது பந்தை விட்டு விட்டுத்தான் வரும். வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியாது.

அப்புறம், பொறுமை இந்தத் தலைமுறையிடம் அறவே இல்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2021 ஜனவரி 11, சிட்னி. கடைசி நாள். ஹனுமா விஹாரிக்குத் தொடைத் தசை கிழிந்து ஓட முடியவில்லை. அஸ்வினுக்கு முதுகுவலி, அன்று காலை குனிந்து ஷூ லேஸ் கட்டக்கூட முடியாத நிலை. கம்மின்ஸ், ஸ்டார்க், ஹேசில்வுட் மூவரும் மாறி மாறி உடம்பைக் குறிவைத்து வீசுகிறார்கள். இருவரும் பத்துப் பத்துப் பந்தாக எண்ணிக்கொண்டு, நடுவில் தமிழில் பேசிக்கொண்டு, 42 ஓவருக்கு மேல் நின்றார்கள். விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. ஸ்டம்ப் மைக்கில் அந்தத் தமிழ் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அஸ்வின் ஐபிஎல் வளர்த்த பிள்ளைதான்.

அடுத்த வாரம் பிரிஸ்பேனில் புஜாரா உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 211 பந்தில் 56 எடுத்தார். அவர் அப்படி நின்றதால்தான் மறுமுனையில் ரிஷப் பந்தால் 89 அடித்து 328 இலக்கை எட்ட முடிந்தது. 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத மைதானம் அது. ஒருவரால் மட்டும் அது முடிந்திருக்காது. எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.

டெஸ்டே வேகமாகிவிட்டதே, அதனால் லாபமா நஷ்டமா?

பெரும்பாலும் லாபம். 1980களில் கிட்டத்தட்ட பாதி டெஸ்டுகள் டிராவில் முடிந்தன. அதில் பல, கடைசி நாள் மதியம் பார்க்கவே சலிப்பாக இருக்கும். இப்போது பத்தில் ஒன்றிரண்டுதான் டிரா.

சேப்பாக்கத்தில் 2008 டிசம்பரில் நடந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மும்பைத் தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. இங்கிலாந்து திரும்பி வந்து ஆடியதே பெரிய விஷயம். நான்காவது இன்னிங்ஸில் இந்தியாவுக்கு 387 இலக்கு. சென்னை ஆடுகளத்தில், ஐந்தாம் நாள் சுழலும் மண்ணில் அதைத் துரத்துவதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நான்காம் நாள் மாலை சேவாக் 68 பந்தில் 83 அடித்தார். ஒருநாள் ஆட்டத்தின் முதல் 15 ஓவர் மாதிரியே ஆடினார். ஆட்டத்தின் கணக்கே மாறிவிட்டது. மறுநாள் சச்சினும் யுவராஜும் ஒன்று இரண்டாகச் சேர்த்து முடித்தார்கள், சச்சின் 103 நாட் அவுட். சேவாக்கின் அந்த ஒன்றரை மணி நேரம் குறுகிய ஆட்டம் டெஸ்டுக்குக் கொடுத்த பரிசு.

நஷ்டமும் உண்டு. தடுத்து ஆடத் தெரியாமல் இரண்டு, மூன்று நாளில் சுருண்டுவிடும் அணிகள் கூடிவிட்டன. 2025 நவம்பரில் பெர்த்தில் ஆஷஸ் டெஸ்ட் இரண்டே நாளில் முடிந்தது. மூன்றாம் நாளுக்கு டிக்கெட் வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள்.

சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்கு இதனால் வழி திறந்ததா?

திறந்தது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகியவர். பழைய வழியில் அவர் போக வேண்டுமானால் சென்னைக்கு வந்து, லீக் கிளப்பில் இடம் பிடித்து, வருடக்கணக்கில் காத்திருந்து, ரஞ்சி தேர்வாளர் கண்ணில் பட வேண்டும். அவரும் அந்த வழியில் நடந்தார். ஆனால் அவரை நாடே பார்த்தது 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீகிலும் (டிஎன்பிஎல்), பிறகு ஐபிஎல்லிலும். 2020 ஐபிஎல்லில் யார்க்கராகப் போட்டுத் தள்ளினார். நெட்டில் பந்து வீச ஆஸ்திரேலியா அழைத்துப் போனார்கள். அந்த ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமாகி, பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்தார்.

அதே டெஸ்டில் அறிமுகமான வாஷிங்டன் சுந்தர் 2017க்குப் பிறகு முதல்தர ஆட்டமே ஆடாதவர். டி20 பந்துவீச்சாளர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 6 விக்கெட்டுக்கு 186 என்று அணி தடுமாறியபோது இறங்கி 62 ரன் எடுத்தார். வருண் சக்கரவர்த்தி கட்டடக் கலை படித்து வேலைக்குப் போனவர், வயது இருபத்தைந்துக்கு மேல் திரும்பி வந்து டிஎன்பிஎல் மூலம் மேலே ஏறினார். கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் விஜயகாந்த் வியாஸ்காந்த் என்ற லெக் ஸ்பின்னர் லங்கா பிரீமியர் லீகில் ஆடி, 2024இல் ஐபிஎல் வரை வந்தார். போர் தின்ற மண்ணிலிருந்து ஒரு பையன் அங்கே வந்து நிற்பதைப் பார்க்கும்போது, இந்த லீக்குகளை வெறும் கேளிக்கை என்று ஒதுக்க மனசு வரவில்லை.

புதிய நாடுகள் நிஜமாகவே வளர்கின்றனவா, வெறும் எண்ணிக்கையா?

2024 ஜூன் 6, டல்லாஸ், டி20 உலகக் கோப்பை. அமெரிக்கா பாகிஸ்தானை சூப்பர் ஓவரில் வென்றது. அந்த சூப்பர் ஓவரை வீசிய சௌரப் நேத்ரவால்கர் ஒரு மென்பொருள் பொறியாளர். அடுத்த வாரம் நேபாளம் தென்னாப்பிரிக்காவிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. ஆப்கானிஸ்தான் அரையிறுதிவரை போனது. 2026 உலகக் கோப்பைக்கு இத்தாலி தகுதி பெற்றது. ஐந்து நாள் ஆட்டத்தை வைத்துக்கொண்டு இந்த நாடுகளில் ஒரு தலைமுறைக்குள் இதைச் செய்திருக்க முடியாது, ஏனென்றால் அவ்வளவு நாள் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருக்கப் பணம் இல்லை, ஆடுகளமும் இல்லை. 1900க்குப் பிறகு முதல்முறையாக 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் வருவதும் டி20 என்பதால்தான்.

பெண்கள் கிரிக்கெட்டுக்கு?

அவர்கள் இதில் ஆண்களுக்கு முன்னால் போனவர்கள். பெண்களின் முதல் உலகக் கோப்பை 1973இல், ஆண்களுடையது 1975இல். சர்வதேச டி20யிலும் பெண்கள் 2004இல் ஆடிவிட்டார்கள், ஆண்கள் 2005இல்தான் ஆடினார்கள். 2020 மார்ச் 8 அன்று மெல்போர்னில் பெண்கள் டி20 உலகக் கோப்பை இறுதிக்கு 86,174 பேர் வந்தார்கள். 2023இல் பெண்கள் பிரீமியர் லீக் தொடங்கியபோது ஐந்து வருட ஒளிபரப்பு உரிமை மட்டும் 951 கோடி ரூபாய். 2025 நவம்பரில் இந்தியப் பெண்கள் 50 ஓவர் உலகக் கோப்பையை வென்றார்கள்.

ஆனால் ஒரு குறை என்னை விடாமல் உறுத்துகிறது. 2014க்குப் பிறகு 2021வரை இந்தியப் பெண்கள் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. ஏழு வருடம். மித்தாலி, ஜூலன் போன்றவர்களின் நல்ல வருடங்கள் அப்படியே போயின. வாய்ப்புக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2024 ஜூனில் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுடன் நடந்த டெஸ்டே சாட்சி. பதினைந்து வயதில் டி20க்கு வந்த ஷஃபாலி வர்மா 205 அடித்தார், அணி 6 விக்கெட்டுக்கு 603. அடித்து ஆடும் பெண் என்று மட்டும் நினைத்திருந்தவர்கள் அன்று ஒரு டெஸ்ட் பேட்டரைப் பார்த்தார்கள்.

பந்துவீச்சாளர்கள் பாவம் இல்லையா?

பாவம்தான். 2024 ஐபிஎல்லில் ஹைதராபாத் 287 அடித்தது. கொல்கத்தாவில் பஞ்சாப் 262 இலக்கை எட்டுப் பந்து மிச்சம் வைத்துத் துரத்திவிட்டது, அந்த ஒரு ஆட்டத்தில் 42 சிக்ஸர். தட்டையான ஆடுகளம், உள்ளே இழுத்த எல்லைக்கோடு, போதாததற்கு, ஆட்டத்தின் நடுவே ஒருவரை மாற்றிக்கொள்ள விடும், 2023இல் வந்த இம்பாக்ட் பிளேயர் விதி. பன்னிரண்டாவது ஆளாக ஒரு பேட்ஸ்மேன் காத்திருக்கிறார் என்றால் மற்றவர்களுக்கு விக்கெட் போகும் பயம் எங்கிருந்து வரும்? அந்த விதியை எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆல்ரவுண்டர்களையும் அது கெடுக்கிறது. எல்லாப் பந்தும் கூட்டத்துக்குள் போய் விழுந்தால் சிக்ஸருக்கே மதிப்பு போய்விடும். 150 ரன் எடுக்கத் திணறும் ஆட்டம் எவ்வளவோ சுவையானது.

50 ஓவர் ஆட்டம் இனி எதற்கு?

அதில்தான் ஒரு ஆட்டம் ஒரே நாளில் விழுந்து எழுகிறது. 2023இல் வான்கடேயில் ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 91. மேக்ஸ்வெல் தசைப்பிடிப்பில் நகர முடியாமல் நின்ற இடத்திலேயே நின்று 201 அடித்தார். டி20இல் அப்படிச் சரிந்தால் எழ நேரமே கிடையாது. நாடுகளுக்கிடையே சும்மா நடக்கும் ஒருநாள் தொடர்களைக் குறைத்துவிட்டு, உலகக் கோப்பையையும் அதற்குத் தேவையான அளவு ஆட்டங்களையும் வைத்துக்கொண்டால் போதும். இரண்டு புதுப்பந்து விதியை 2025இல் மாற்றி, 35ஆவது ஓவரிலிருந்து ஒரே பந்து என்று ஆக்கியது நல்ல முடிவு. பந்து பழசானால்தானே ரிவர்ஸ் ஸ்விங் வரும்.

அப்படியானால் டெஸ்டை நலிய வைப்பது எது?

காலமும் காசும். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2024 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கா நியூசிலாந்துக்கு இரண்டு டெஸ்ட் ஆடப் போனது. அதே நேரம் அவர்கள் ஊரில் எஸ்ஏ20 லீக். முன்னணி வீரர்கள் எல்லோரும் லீகில் ஆட வேண்டும் என்று ஒப்பந்தம். அதனால் ஒரு டெஸ்ட்கூட ஆடாத ஏழு பேரைச் சேர்த்து ஒரு அணியை அனுப்பினார்கள். கேப்டனே புதியவர். இரண்டிலும் தோல்வி. அந்த வாரியத்தைத் திட்டுவது எளிது. ஆனால் லீக் பணம் இல்லாவிட்டால் அந்த வாரியமே ஓடாது, டெஸ்ட் அணியும் இருக்காது. அதே நாடு 2025 ஜூனில் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை வென்று டெஸ்ட் உலகச் சாம்பியன் ஆனது. மார்க்ரம் 136, தசை இழுத்துக்கொண்டு நொண்டியபடி பவுமா 66. சாம்பியன் பட்டத்துக்கு வந்த அந்தச் சுற்றில் அவர்கள் ஆடிய ஒவ்வொரு தொடரும் இரண்டு டெஸ்ட் தொடர்தான்.

இலங்கையைப் பாருங்கள். 2025 முழுக்க அவர்களுக்கு நான்கே டெஸ்ட். திமுத் கருணாரத்ன நூறாவது டெஸ்டோடு ஓய்வு பெற்றபோது, வருடத்துக்கு இத்தனை குறைவான டெஸ்ட்டை வைத்துக்கொண்டு ஒரு டெஸ்ட் வீரன் தன்னை எப்படித் தயாராக வைத்திருப்பது என்பதைக் காரணமாகச் சொன்னார். முரளி 800 விக்கெட் எடுத்த நாடு அது. இன்று அங்கே ஒரு பையன் நூறு விக்கெட் எடுக்கவே எத்தனை வருடம் ஆகும்?

பணத்தின் கணக்கு இப்படி. ஒரு தொடரின் ஒளிபரப்புப் பணம் நடத்தும் நாட்டுக்கே போகும், விருந்தாளியாக வந்து ஆடும் அணிக்குப் பங்கு கிடையாது. இந்தியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா வந்தால் பணம் வரும். வேறு இரண்டு நாடுகள் தங்களுக்குள் டெஸ்ட் ஆடினால், விமானம், ஓட்டல், மைதானம் எல்லாம் சேர்த்து நடத்துபவருக்கு நஷ்டம். ஐசிசி பங்கிடும் வருமானத்திலும் இந்தியாவுக்கு மட்டும் 38.5 சதவீதம். ஐபிஎல்லின் 2023 முதல் 2027 வரையான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போன ஒரு வாரியத்துக்கு இது. இந்தியச் சந்தையிலிருந்துதானே பணம் வருகிறது என்பார்கள். உண்மை. ஆனால் எதிரே ஆட ஆள் வேண்டுமே. இந்தியனாகச் சொல்கிறேன், நம் பங்கில் கொஞ்சம் குறைத்து, இந்த நாடுகள் ஆளுக்கு மூன்று டெஸ்ட் தொடர் நடத்தும் செலவுக்குக் கொடுத்தால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மேற்கிந்தியத் தீவுகளை நினைத்தால் வயிறு எரிகிறது. 2024 ஜனவரியில் ஷமார் ஜோசப் என்ற புதுப்பையன், முந்தைய நாள் ஸ்டார்க்கின் யார்க்கரில் கால்விரல் நசுங்கிய நிலையில், பிரிஸ்பேனில் 68 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து 8 ரன்னில் ஆஸ்திரேலியாவைச் சாய்த்தார். ஆஸ்திரேலிய மண்ணில் 27 வருடத்துக்குப் பிறகு வந்த வெற்றி. அடுத்த ஆண்டு ஜூலையில் கிங்ஸ்டனில் அதே அணி 27 ரன்னுக்கு ஆல் அவுட். திறமை அங்கே இருக்கிறது, அதைத் தாங்கிப் பிடிக்க வசதி இல்லை.

வீரர்கள் பணத்துக்காக நாட்டை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது சரியா?

அப்படிப் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். டிரென்ட் போல்ட் 2022இல் வாரிய ஒப்பந்தத்தை விட்டு விலகினார். நிக்கோலஸ் பூரன் ஒரு டெஸ்ட்கூட ஆடாமல், 29 வயதில் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். மலிங்கா 2011இலேயே டெஸ்டை விட்டார். ஒரு வேகப்பந்து வீச்சாளனின் முழங்காலும் முதுகும் பத்து, பன்னிரண்டு வருடம்தான் தாங்கும். அதற்குப் பிறகு நாற்பது வருடம் குடும்பம் நடத்த வேண்டும். நாம் மட்டும் சம்பளம் கூடக் கிடைத்தால் கம்பெனி மாறலாம், அவர்கள் மாறக்கூடாதா?

வழியும் இல்லாமல் இல்லை. 2024 மார்ச்சில் பிசிசிஐ ஒரு திட்டம் கொண்டுவந்தது. டெஸ்டுக்கு ஆட்டச் சம்பளம் 15 லட்சம். ஒரு சீசனில் முக்கால்வாசிக்கு மேல் டெஸ்ட் ஆடும் அணியில் இருப்பவருக்கு, ஆட்டத்துக்கு 45 லட்சம் கூடுதலாகக் கிடைக்கும். டெஸ்ட் ஆடினால் நஷ்டம் இல்லை என்று பையன்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மற்ற நாடுகளிலும் இது நடக்க வேண்டும் என்றால் அதற்கான பணம் அங்கே போய்ச் சேர வேண்டும்.

டி10, நூறு பந்து ஆட்டம் என்று இன்னும் சுருங்குமா?

சுருங்கப் பார்ப்பார்கள். எனக்கு 20 ஓவரே கடைசி எல்லையாகத் தெரிகிறது. அதற்குக் கீழே போனால் விக்கெட்டுக்கு மதிப்பு இல்லை. பத்து ஓவருக்குப் பத்து விக்கெட் கையில் இருந்தால் யார் எதைக் காப்பாற்றுவார்?

என் பிள்ளைக்குப் பத்து வயது. எந்த ஆட்டத்தைப் பழக்குவது?

பத்து வயதில் எந்த ஆட்டத்துக்கும் பழக்க வேண்டாம். தெருவில் டென்னிஸ் பந்தில் ஆசை தீர அடிக்கட்டும், அந்தச் சுதந்திரம் பிறகு வராது. தோல் பந்துக்கு வந்தபிறகு நேராக ஆடுவதும், பந்தை விடுவதும், காலை நகர்த்துவதும் கற்கட்டும். அந்த அடிப்படை இருந்தால் ரிவர்ஸ் ஸ்வீப்பை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வான். அடிப்படை இல்லாமல் ரிவர்ஸ் ஸ்வீப் மட்டும் தெரிந்தால், பதினாறு வயதில் ஈரமான ஆடுகளத்தில் பந்து திரும்பும்போது மாட்டிக்கொள்வான். பந்து வீசும் பையன் என்றால் முதலில் ஒரே இடத்தில் பத்துப் பந்து விழ வைக்கட்டும், ஸ்லோ பாலெல்லாம் அப்புறம். பயிற்சி மையத்தில் சேர்க்கும்போது, வாரத்தில் ஒருநாளாவது இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஆடும் ஆட்டம் உண்டா என்று கேளுங்கள். ஆளுக்குப் பன்னிரண்டு பந்து என்று வரிசையில் நிற்க வைக்கும் இடமானால் வேறு இடம் பாருங்கள்.

டெஸ்ட் பார்க்க ஆசைதான். ஐந்து நாள் யார் உட்காருவது?

ஐந்து நாளும் உட்கார வேண்டியதில்லை, ஒரு நாள் போங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். முடிந்தால் பந்துவீச்சாளர் கைக்கு நேர் பின்னால் இடம் பிடியுங்கள். பந்து எவ்வளவு திரும்புகிறது என்பது அங்கிருந்துதான் தெரியும், டிவியில் ரீப்ளே போட்டாலும் அந்த அளவுக்குத் தெரியாது.

2024 செப்டம்பர் 19, வங்கதேசத்துடன் முதல் நாள். சேப்பாக்கத்தில் காலையில் 3 விக்கெட்டுக்கு 34. ரோஹித், கில், கோலி மூவரும் பெவிலியனில். மதியம் 6 விக்கெட்டுக்கு 144 என்று ஆனபோது கூட்டத்தில் சிலர் எழுந்து கிளம்பிவிட்டார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் அஸ்வினும் ஜடேஜாவும் சேர்ந்து அடித்ததைப் பார்த்தார்கள். சாயங்காலம் ஆட்டம் முடியும்போது போர்டில் 6 விக்கெட்டுக்கு 339. சொந்த ஊர்ப் பையன் அஸ்வின் 102 நாட் அவுட்.